தும்பிக்கு ஒரு சாட்சி

எனக்குப் பூச்சி என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்னலட்சுமி அக்காவைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்து, இவனும் அந்தப் பூச்சிப் பைத்தியக் கூட்டத்தில் ஒருவன்தான் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். நான் எங்கள் துறைமுகப் பட்டினத்தில், ஓர்ஸ் ஹில்லில் கொமினிக்கேஷன் கடை வைத்திருந்தவன். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கலாம், போட்டோக்கொப்பி அடிக்கலாம், மூன்று கொம்பியூட்டரில் இன்ரநெற் பார்க்கலாம். பூச்சி பார்க்க என்று நான் கடை திறக்கவில்லை.

சண்டை நிறுத்தம் வந்து ஆட்கள் கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது. 2003. வீதிகள் திறந்திருந்தன, மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஒழுங்காக ஓடியது, மீன்பிடிக்காரர் கடலுக்குப் போய் வந்தார்கள். ஆனாலும் சண்டை முடிந்துவிட்டது என்று ஒருவரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சமாதானம் என்ற சொல்லைக்கூட ஆட்கள் கொதிக்கிற தேத்தண்ணியைப் போல ஊதி ஊதித்தான் வாயில் வைத்தார்கள். காவலரண்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்னலட்சுமி அக்கா துறைமுகப் பக்கத்து ஐஸ் கொம்பனியில் காசாளர். எனக்குச் சொந்தம் இல்லை, ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். நாற்பது தாண்டியும் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "வந்தவைக்கு என்னைப் பிடிக்கேல்லை, பிடிச்சவைக்குச் சீதனம் காணாது, மிச்சம் பேருக்கு என்ர வாய் பிடிக்கேல்லை" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வாய் உண்மையிலேயே பொல்லாத வாய். என் கடையில் மின்விசிறி சுற்றுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "ஞானம், இதை நிப்பாட்டிப் போட்டு ஆரையாவது மூச்சு விடச் சொல்லும், கூடக் காத்து வரும்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னவர் அவர்.

ஐஸ் கொம்பனி வாசலில் பெரிய லைற் ஒன்று இரவெல்லாம் எரியும். விடிந்தால் அதன் கீழே பூச்சிகள் கொட்டுண்டு கிடக்கும். கூட்டித் தள்ள வருகிறவரைக் கையமர்த்திவிட்டு, அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். உயிரோடு கிடப்பதை எடுத்து வேலியில் விடுவாராம். அவருக்கு அவற்றின் பெயர்கள் தெரியாது. பெயர் தெரியாதது மட்டும்தான் தனக்குக் கவலையாக இருந்தது என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

என் கடைக்கு அவர் வந்தது கனடாவில் இருக்கிற தங்கை இராசமலருக்கு இமெயில் போடத்தான். பதில் வருமோ என்று காத்திருந்த நேரத்தில், "இதில என்ன கேட்டாலும் சொல்லுமோ ஞானம்?" என்று கேட்டார். கேட்டுப் பாருங்கோ என்றேன். முதலில் எங்கள் ஊரின் பெயரை அடித்தார். குண்டு வந்தது. கப்பல் தாக்குதல் வந்தது. கண்ணிவெடி வந்தது. அடுத்த பக்கம், அதற்கு அடுத்த பக்கம், எல்லாம் அதே கதைதான். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கட ஊரில வேற ஒண்டுமே நடக்கிறேல்லையோ? இஞ்ச பூ பூக்கிறேல்லையோ, புள்ளை பிறக்கிறேல்லையோ, தும்பி பறக்கிறேல்லையோ?" என்று என்னோடு சண்டை பிடித்தார், நான்தான் அதையெல்லாம் எழுதிப் போட்டவன் மாதிரி. அந்தக் கோபத்தோடு தும்பிக்கு உள்ள இங்கிலீஸ் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அதோடு என் நிம்மதி போனது.

அவர் போய் விழுந்த இடம் உலகத்திலுள்ள தும்பிப் பைத்தியங்கள் எல்லாம் கூடுகிற ஒரு குழு. பேராசிரியர்களும் இருந்தார்கள், பேக்கரிக்காரரும் இருந்தார்கள். ஒருவர் படத்தைப் போட்டு இது என்ன என்பார். எங்கோ இன்னொருவர் சாமத்தில் எழும்பி அது இன்னது, வாலின் நுனியைப் பாருங்கள் என்று எழுதுவார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. ஆனால் போன கிழமை பார்த்த தும்பியின் சுகம் விசாரிப்பார்கள். அக்கா முதல் முறை கேள்வி போட்டு, மறுநாள் வந்து பதிலைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு, "நான் படுத்துக் கிடக்க, என்ர தும்பியைப் பற்றி எங்கேயோ ஒரு மனிசன் யோசிச்சிருக்கிறான் ஞானம். எனக்குச் சந்தோசமா இருக்கு" என்றார்.

அவரிடம் கமரா இல்லை. இருந்தாலும் துறைமுகப் பக்கம் கமராவோடு திரிய அந்த நாளில் யாருக்குத் துணிவு வரும்? ஆனால் என் கடையில் ஒரு வெப் கமரா இருந்தது. வெளிநாட்டில் உள்ள மாப்பிள்ளைக்குப் பொம்பிளை காட்டுவதற்கு நான் வாங்கிப் பூட்டியது. அக்கா தும்பியைப் பிடித்து பிஸ்கற் ரின்னில் போட்டு, அந்த ரின்னை ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் சற்று நேரம் வைப்பார். குளிர் பட்டதும் தும்பி சாதுவாகிவிடும், செத்துப்போகாது. அப்படியே ஓட்டமும் நடையுமாக என் கடைக்குக் கொண்டுவந்து, கமராவுக்கு முன்னால் விரலில் இருத்திப் படம் எடுப்பார். சூடு ஏறி அது சிறகை உதறுவதற்குள் வேலை முடிய வேண்டும். முடிந்தால் ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவார்.

ஒரு நாள் முடியவில்லை. தும்பி எழும்பிக் கடைக்குள் பறந்துவிட்டது. அப்போது பக்கத்துக் கொம்பியூட்டரில் ஒரு பெண்ணை ரொறன்ரோ மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தும்பி நேரே போய் அந்தப் பிள்ளையின் உச்சியில் இருந்தது. அங்கே மாப்பிள்ளையின் தாய், "தலையில போட்டிருக்கிறது புது மாதிரி நகையா இருக்கு, எங்க வாங்கினது?" என்று கேட்டார். நகை பறந்தது. பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் பிடித்ததென்று மாப்பிள்ளை பிறகு சொன்னானாம், கலியாணமும் நடந்தது. தரகுக் காசில் தும்பிக்குப் பங்கு தர வேண்டும் என்று அக்கா கன நாள் என்னை நச்சரித்தார்.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை ஒரு ஈயைப் பிடித்து, இது தேனீதான் என்று பெங்களூரில் ஒரு பேராசிரியரோடு நாட்கணக்கில் மல்லுக்கு நின்று மண் கவ்வினார். "சிறகை எண்ணிப் பாருங்கள் அம்மா, தேனீக்கு நாலு, ஈக்கு இரண்டு" என்று அந்த மனிசன் பொறுமையாக எழுதியிருந்தார். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, ஈ. ஆனால் நல்ல வடிவான ஈ" என்று பதில் போட்டார்.

இனி வரைபடத்தின் கதை. குழுவில் ஹென்ட்ரிக் என்று ஓர் ஒல்லாந்துக்காரர் இருந்தார். ஓய்வுபெற்ற ரெயில் காரர். மழைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக வருகிற மஞ்சள் தும்பிகள் எந்த ஊருக்கு எப்போது வருகின்றன என்று ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளி குத்திக்கொண்டு வந்தார். இந்தியாவில் புள்ளி, மாலைதீவில் புள்ளி, கொழும்பில்கூடப் புள்ளி. எங்கள் கரையில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

"ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டிப் போட்டுப் போனவை, இப்ப தும்பி எண்ணத் திரும்பி வந்திருக்கினம்" என்று நான் பகிடி விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு புள்ளி வேணும் ஞானம். ஆரும் எங்கட ஊரின்ர பேரை அடிச்சால், அவ்வளவு குண்டுக்கும் நடுவில இஞ்ச தும்பியும் வருது எண்டு ஒண்டாவது வர வேணும். ஒண்டே ஒண்டு."

புள்ளி குத்த ஒரு விதி இருந்தது. இரண்டு பேர், வேறு வேறு வீட்டுக்காரர், தம் கண்ணால் கண்டதாகப் பெயர் கொடுக்க வேண்டும். யாரோ விளையாட்டுக்குப் பனி கொட்டுகிற ஊரிலிருந்து தும்பிக் கூட்டம் என்று எழுதிவிட்டான் என்பதால் வைத்த விதி. ஒக்ரோபர் முடிந்தால் அந்த வருசத்து வரைபடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒன்று தன் பெயர், மற்றதுக்கு ஊரே இருக்கிறது, இதில் என்ன கஷ்டம் என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தும்பிகள் ஒக்ரோபர் கடைசியில் வந்தன. பின்னேரம், கடல் பக்கமிருந்து, வானம் மஞ்சளாக மினுங்கும்படி வந்தனவாம். ஐஸ் கொம்பனிக் கூரை, மின்சாரக் கம்பி, மீன் பெட்டி என்று இருக்க இடம் கிடைத்த இடமெல்லாம் இருந்தனவாம். அக்கா காசுப் பெட்டியைப் பூட்டாமலே வெளியே ஓடி, வாயைத் திறந்தபடி நின்றாராம். ஊர் முழுக்கத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. நான் அன்றைக்குக் கந்தளாயில் தங்கை மகள் வயசுக்கு வந்த சாமத்திய வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தேன். ஆகவே இந்த ஊரிலேயே உண்மையாகத் தும்பியைக் காணாதவன் நான் ஒருத்தன்தான்.

அடுத்த நாள் அக்கா ஒரு மட்டையில் கடதாசியைக் கொழுவிக்கொண்டு சாட்சி தேடிப் புறப்பட்டார். முதலில் மருந்துக்கடைக் குணரத்தினத்தாரிடம் போனார்.

"நேற்றுப் பின்னேரம் கடல் பக்கத்தால வந்ததுகளைக் கண்டனீங்களோ?"

"நான் ஒண்டும் காணேல்லைப் பிள்ளை. உள்ளுக்க மருந்து எடுத்துக்கொண்டு நிண்டனான்."

"எவ்வளவு வந்திருக்கும்?"

"காணேல்லை எண்டு சொல்லிறன் எல்லே!"

"சரி, எந்தப் பக்கம் போச்சுதுகள்?"

குணரத்தினத்தார் கடைக் கதவைப் பாதி சாத்தினார். வெளியே நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளின் லைற்றில் ஒரு தும்பிச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் காட்டினார். "அது முந்தியே இருந்தது" என்றார் அவர்.

மரக்கறி விற்கிற றுக்கியா, கேள்வி முடியும் முன்னரே, "எங்கட ஊட்டில ஆம்புளயள் ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஓட்டோக்காரச் சின்னராசா ஒன்றும் பேசாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சோமசேகரம் மாஸ்ரர் மட்டும் தும்பிகள் வந்த அழகை ஆதியோடந்தமாகச் சொன்னார், கேட்கக் கேட்க அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் பேனையைத் திறந்ததும் மாஸ்ரருக்கு முகம் மாறியது. "பேர் எதுக்குப் பிள்ளை? ஊரவர் ஒருவர் எண்டு போடுமன்" என்றார்.

கடைக்கு வந்து கதிரையில் தொப்பென்று விழுந்து, "ஊர் முழுக்கக் குருடோ?" என்று அக்கா சீறினார்.

"அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியளை எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"என்னத்தைக் கேட்டனான்? கடல் பக்கத்தால வந்ததுகளைக் கண்டனீங்களோ, எத்தனை வந்தது, எந்தப் பக்கம் போனது, உங்கட பேர் என்ன..."

அவ்வளவுதான். அவருக்கே கேட்டுவிட்டது. இருபது வருசமாக இந்த ஊரில் சீருடையோடு வந்தவனும் சீருடை இல்லாமல் வந்தவனும் கேட்ட கேள்விகள் அச்சொட்டாக இவைதான். என்ன கேட்டாலும் காணேல்லை என்று சொல்லத் தெரிந்தவன்தான் இங்கே உயிரோடு இருந்தான். ஹென்ட்ரிக்குக்கு அது தெரியாமல் போகலாம், அக்காவுக்குத் தெரியாதா? தும்பி மயக்கத்தில் மறந்துபோனார். மட்டையும் கடதாசியும் வேறு! அக்கா சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். பார்த்தால் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை.

"பாவங்கள் ஞானம். ஒரு தும்பியைக் கண்டது எண்டு சொல்லக்கூடப் பயந்துபோய் இருக்குதுகள். நான் வேற போய் வெருட்டியிருக்கிறன். இனி ஒருத்தரையும் கேக்க மாட்டன்" என்று மட்டையை என் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

மூதூரிலிருந்து ஐஸ் எடுக்க வருகிற பக்கீர் நானாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வளர்ந்த ஆள், பேச்சுக் குறைவு. கடலில் எந்தத் தரப்பு மறித்து எதைக் கேட்டாலும் "காணல்ல" என்ற ஒரே பதிலோடு இத்தனை வருசமும் படகையும் தலையையும் காப்பாற்றிக்கொண்டவர். ஐஸ் கொம்பனியில் அவருக்குக் காணாத பக்கீர் என்றே பட்டம். எதிரில் இருக்கிற தராசைக் கண்டீங்களா என்று கேட்டாலும் காணல்ல என்பார் என்று பகிடி பண்ணுவார்கள்.

தும்பி வந்த அன்று அவர் கடலில் நின்றவர். அக்காவுக்கு அது தெரியும். ஆனாலும் ஐஸுக்குத் துண்டு எழுதும்போது, "பயப்பிடாதீங்கோ நானா, உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை" என்று சொல்லி, நடந்த கூத்தைப் பகிடியாகச் சொன்னாராம். புள்ளி வேண்டும் என்பதையும், மாதம் முடிந்தால் கதை முடிந்தது என்பதையும் சொன்னாராம். பக்கீர் நானா ஐஸைச் சூடு புகாத ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கிச் சாக்கால் மூடிக்கொண்டு போனார்.

மாதத்தின் கடைசி நாள், மத்தியானம் கழிந்து, என் கடை வாசலில் ஒரு ஆள். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத சாரம், தொப்பி. பெருநாளுக்குப் போகிற கோலம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "அந்தத் தும்பித் தங்கச்சி எங்க?" என்று கேட்டார். நான் ஐஸ் கொம்பனிக்குக் கோல் எடுத்தேன். அக்கா காசுப் பெட்டியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியபடி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

பக்கீர் நானா, பொம்பிளை காட்டுகிற கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"தங்கச்சி, முதல்ல நான் கேப்பன். இத நான் கண்டன் எண்டு செல்லி, ஆரயும் புடிப்பாங்களா?"

"இல்லை நானா."

"ஆரட ஊட்டுக்கும் தேடி வருவாங்களா?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

"அந்தத் தும்பிக்கு ஏதும் செய்வாங்களா?"

அக்கா யோசித்துவிட்டு, "கூடினால் ஒரு பேர் வைப்பினம்" என்றார்.

நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இருவது வருசமா நான் கண்டதெல்லாம் காணல்ல எண்டு சென்னன் தங்கச்சி. செல்லியிருந்தா ஆருக்கோ ஒருத்தனுக்குக் கேடு. நல்லதக் கண்டாலும் வாய் அதத்தான் செல்லுது, பழகிப் போச்சு. ஊட்டில மகள், தனக்குப் பாத்த மாப்புள எப்பிடி எண்டு கேட்டா, நான் சரியாக் காணல்ல எண்டு சென்னன். எனக்கே வெக்கமாப் போச்சு." ஒரு பெருமூச்சு விட்டார். "எழுதுங்க. நான் கண்டன். என்ட பேரு பக்கீர். மூதூர்."

அக்கா சொல்லச் சொல்ல நான் இங்கிலீசில் அடித்தேன். கரை தெரியாத தூரத்தில் நின்றாராம். முதலில் ஏதோ தூசி என்று நினைத்தாராம். பிறகு படகின் கயிறு, விளிம்பு, வலையின் மிதப்பு, தொப்பி, தோள் என்று எங்கும் தும்பி. களைத்துப்போன தும்பிகள், சிறகைத் தாழ்த்திக்கொண்டு இருந்தனவாம். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டாராம். "சத்தத்துக்கு எழும்பிரும் எண்டு. அதுகளும் எங்கயோ இரிந்து தப்பி வந்த மாதிரி இரிந்திச்சி. கொஞ்சம் இளைப்பாறட்டும் எண்டு உட்டன். அண்டைக்கு மீன் இல்ல, போகட்டும்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், தூசிக்கு.

அனுப்பிவிட்டேன். போகலாம் நானா, லோஞ்ச் போய்விடும் என்றால் ஆள் அசையவில்லை. திறந்த வாய் மூடவும் இல்லை. "திமிங்கிலமும் கண்டன், குட்டியோட. அதையும் எழுதுவாங்களா? ஆமை முட்ட போடுற எடம் ஒண்டு கண்டன். ராவில கடல் பச்சையா மின்னுறது கண்டன்..." கண்டன், கண்டன் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அக்கா குப்பைக் கூடையிலிருந்த மட்டையைக் கிண்டி எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒல்லாந்தில் அப்போது பகல். பதில் வந்தது: வரைபடத்தைப் பாருங்கள். எங்கள் ஊர் லைனில் ஒரு படம் திறக்கிறதென்றால் மேலிருந்து கீழே இறங்கும், ஒவ்வொரு வரியாக. இந்தியா இறங்கியது. யாழ்ப்பாணம் இறங்கியது. முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் லைன் நின்றுபோனது. அக்கா கொம்பியூட்டருக்கு அடிப்பதற்குக் கை ஓங்கினார், நான் பிடித்துக்கொண்டேன். பிறகு மெல்ல இறங்கியது. எங்கள் கரையில், துறைமுகம் உள்ளே வளைகிற அந்த இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி.

அக்கா திரையில் அதை விரலால் தொட்டார். நான் புள்ளியில் அழுத்தினேன். கண்டவர்கள் என்று போட்டு, இரண்டு பெயர்.

"வாசிங்க" என்றார் பக்கீர் நானா. வாசித்தேன். "இன்னொருக்கா வாசிங்க." வாசித்தேன். "கண்டவர் எண்டா போட்டிரிக்கி?" ஓம் என்றேன். அதில் ஒரு பிரதி அடித்துத் தரச் சொல்லி வாங்கி, நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இவ்வளவு காலத்துப் பழக்கம் என்னையும் லேசில் விடுமா? "நானா, கடதாசியைக் கவனமா வையுங்கோ. வழியில ஆரும் மறிச்சு, இது என்ன, என்னத்தைக் கண்டனீர் எண்டு கேட்டால்?"

"கேக்கட்டும்" என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு சொன்னார் பக்கீர் நானா. "கண்டன் எண்டு செல்லுவன்."